ஒரே பெயரில் இரண்டு கோப்பு: படுவான்கரைக் கூத்துக் குழு ஒன்றின் இணையத்தளம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமம் ஒன்றில் தலைமுறைகளாக ஆடிவரும் கூத்துக் குழு ஒன்று தன் இணையத்தளத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்ட விதத்தை இங்கே பதிகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆட்களின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம் என்றார்கள், விட்டிருக்கிறேன்.

குழுவின் சொத்து என்று பார்த்தால் மத்தளமும் சல்லாரி என்ற கைத்தாளமும், ஓர் உடுப்புப் பெட்டி, கூத்தைப் பழக்கி ஆட்டுவிக்கும் அண்ணாவியாரிடம் இருக்கும் பாட்டுக் கொப்பிகள். அவருடைய தகப்பனார் காலத்து ஏடுகள் 1978 நவம்பர் சூறாவளியில் வீட்டுக் கூரையோடு போய்விட்டன. நினைவில் நின்றதையும் அயலூர் அண்ணாவிமாரிடம் கேட்டு வாங்கியதையும் சேர்த்துக் கொப்பிகளில் எழுதினார்கள். அந்தக் கொப்பிகளும் இன்று ஓரம் பொடிந்து, மை பரவிய நிலையில் இருக்கின்றன.

கனடாவில் இருக்கும் அண்ணாவியாரின் மருமகன், ஊருக்கு வந்த காலங்களில் கொப்பிப் பக்கங்களைப் படமெடுத்தார். பழைய ஒலிநாடாக்களைக் கணனியில் ஏற்றினார். அவற்றை வைத்து, தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஒரு தளம் அமைத்து, செலவையும் தன் வங்கி அட்டையிலிருந்தே கட்டிவந்தார். 2022 முடிவில் வேலை மாறியபோது, இனித் தன்னால் கவனிக்க இயலாது, குழுவே பொறுப்பெடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். நாடு இருந்த நிலையில் அது பாரமான பேச்சு. அந்த ஆண்டு மார்ச்சுக்கு முன் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் 360 ஐத் தாண்டியிருந்தது. தளம் தேவைதானா என்ற கேள்வி குழுக் கூட்டத்தில் வந்தது. அண்ணாவியார் ஒரே வார்த்தையில் முடித்துவைத்தார்: "ஏடு போனதுக்குக் காத்தைச் சொன்னோம். இது போனா ஆரைச் சொல்ற?"

ரூபாயில் கட்டக்கூடிய உள்நாட்டு ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் வாடகை இடம்) ஒன்றுக்கு மாறுவதென முடிவானது. பொறுப்பு குழுவின் செயலாளரிடம் போனது. அவர் 24 வயதுப் பெண். கலைப்பிரிவில் உயர்தரம் முடித்தவர். காலையில் முன்பள்ளியில் படிப்பிக்கிறார். நான் மட்டக்களப்பு நகரில் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் தளம் செய்துகொடுப்பவன். தாய்வழியில் அந்த ஊர். என்னிடம் வந்தபோது அவர் கேட்டது இன்றும் நினைவிருக்கிறது: "செஞ்சு தாங்க எண்டு கேக்க வரல்ல அண்ணா. பழக்கி விடுங்க." இந்தப் பதிவில் நல்லது என்று நடந்ததெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்தவை. பிழைத்தவற்றில் பாதி, நான் அதை மறந்து செய்துகொடுக்கப் போனதால் வந்தவை.

கைமாறியபோது கண்டது

2023 ஜனவரியில் கனடாவிலிருந்து இரண்டு கோப்புகள் வந்தன. ஒன்று தளத்தின் கோப்புறை முழுவதையும் சுருக்கிய ஸிப். மற்றது, பக்கங்களின் எழுத்து இருக்கும் தரவுத்தளத்தின் பிரதி. இரண்டையும் புதிய ஹோஸ்டிங்கின் சேர்வரில் (தளக் கோப்புகள் இருக்கும் கணனியில்) ஏற்றினேன். தளம் திறந்தது, எழுத்தெல்லாம் வந்தது. படங்களில்தான் கோளாறு. கொப்பிப் பக்கங்களும் புகைப்படங்களுமாக 412 படங்களில் 137 தெரியவில்லை.

என் முதல் எண்ணம், ஸிப் பாதியில் அறுந்திருக்கும் என்பது. சேர்வரில் உள்ள கோப்புகளைக் காட்டும் பைல் மனேஜரைத் திறந்து பார்த்தால் கோப்புகள் அத்தனையும் இருந்தன. கோப்பை யார் திறக்கலாம் என்று சொல்லும் அனுமதி இலக்கங்களைச் சரிபார்த்தேன். கோப்புகளுக்கு 644, கோப்புறைகளுக்கு 755 என்று இருக்க வேண்டியபடியே இருந்தன. பெயரையும் ஒத்துப் பார்த்தேன். பக்கம் கேட்கும் பெயரும் கோப்புறையில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். ஆனாலும் சேர்வர் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்றே சொன்னது. இரண்டு இரவுகள் இதில் போயின.

விடை செயலாளரிடமிருந்து வந்தது. தெரியும் படங்களின் பெயரை இடப்பக்கமும் தெரியாதவற்றை வலப்பக்கமுமாக ஒரு சீஆர் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தார். இடப்பக்கத்தில் மத்தளம், சல்லாரி, கட்டியகாரன், அண்ணாவியார். வலப்பக்கத்தில் வடமோடி, தென்மோடி (இவை கூத்தின் இரு வகை), கொலு, போர், தோழி. "அண்ணா, கொம்பும் அரவும் சேர்ந்து வாற பேர் ஒண்டும் தெரியுதில்ல" என்றார். வலப்பக்கத்தின் அடியில் ஒரு பெயர் மட்டும் ஒத்துவரவில்லை என்று கேள்விக்குறி போட்டிருந்தார். அது திரௌபதி.

அந்தக் கேள்விக்குறிதான் எனக்கு முழுவதையும் விளக்கியது. கணனியில் எழுத்தைப் பதியும் யுனிகோட் முறையில் 'ோ' என்ற குறியை இரண்டு விதமாகப் பதியலாம். ஒரே குறியாகப் பதிவது ஒன்று. 'ே', 'ா' என்று இரண்டாகப் பிரித்துப் பதிவது மற்றது. 'ொ' வும் அப்படியே. 'ௌ' வும் அப்படியே, அதனால்தான் திரௌபதியும் வலப்பக்கத்தில் நின்றாள். திரையில் இரண்டும் ஒன்றாகத் தெரியும், சேர்வருக்கு அவை வேறு வேறு. 'வடமோடி' என்பது சேர்த்து எழுதினால் ஆறு குறிகள், 18 பைட். பிரித்து எழுதினால் ஏழு குறிகள், 21 பைட். லினக்ஸில் ஓடும் சேர்வர், கண்ணுக்குத் தெரியும் எழுத்தையல்ல, உள்ளே பதிந்த பைட்டைத்தான் ஒப்பிடும்.

பிரிந்தது எங்கே என்று தேடினோம். மருமகனிடம் இருப்பது பழைய மெக் கணனி. அவற்றில் இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் என்ற வட்டு முறை, கோப்பின் பெயரை எப்போதும் பிரித்த வடிவத்திலேயே சேமிக்கும். அவர் பழைய சேர்வரிலிருந்து கோப்புகளை இறக்கி, தன் கணனியில் ஸிப் செய்திருக்கிறார். வழியில் பெயர்கள் பிரிந்துவிட்டன. தரவுத்தளத்தின் பிரதி தனியே வந்ததால் அதற்குள் இருந்த பெயர்கள் பழைய சேர்ந்த வடிவத்திலேயே நின்றன. அவர் மீது பிழையே இல்லை. தமிழில் பெயர் வைத்ததும் பிழையில்லை. ஆங்கில எழுத்தில் பெயர் வைப்பவர்களுக்கு வராத ஒரு தொல்லை நமக்கு வருகிறது. அதை எங்கும் எழுதிவைக்காததால் ஒவ்வொருவரும் புதிதாக இரவு கெடுக்கிறோம். இதை எழுத உட்கார்ந்ததற்கு முதற் காரணமே அதுதான்.

முதல் முடிவு: பெயர்

சரிசெய்ய இரண்டு வழி இருந்தது. எல்லாப் படங்களுக்கும் இலக்கத்தில் புதுப் பெயர் வைத்து, பக்கங்களிலும் மாற்றுவது ஒன்று. பிரிந்த பெயர்களைத் திரும்பச் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவருவது மற்றது. நான் முதலாவதைச் சொன்னேன். செயலாளர் மறுத்தார். எந்தப் பக்கம் எந்தக் கூத்து, எந்தப் பாத்திரத்தின் வரவு என்ற விபரம் பல படங்களுக்குக் கோப்பின் பெயரில் மட்டுமே இருக்கிறது. அதை இலக்கமாக்கினால் அந்த அறிவு போய்விடும் என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி.

ஆகவே இரண்டாவது வழி. வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் பிஎச்பி நிரல்மொழியில் யுனிகோட் எழுத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வசதி இருக்கிறது. அதை வைத்துச் சிறு நிரல் ஒன்று எழுதி, கோப்புறையின் பிரதி ஒன்றில் ஓடவிட்டுப் பார்த்து, பிறகு உண்மையான கோப்புறையில் ஓடவிட்டு, உடனே அழித்தேன். சில விநாடிகளில் 137 படங்களும் வந்தன. அழித்தது முறைதான், அப்படியான நிரலைத் திறந்த கோப்புறையில் விட்டுவைக்கக் கூடாது. ஆனால் அது என்ன செய்தது என்று செயலாளருக்குக் காட்டாமல், ஒரு பிரதியும் கொடுக்காமல் அழித்ததை முறை என்று சொல்லமாட்டேன். மார்ச் மாதத்தில் கனடாவிலிருந்து விடுபட்ட படங்கள் மேலும் வந்தபோது அதே கோளாறு வந்தது. அவர் மீண்டும் என்னையே தேட வேண்டியிருந்தது.

பெயர் விடயம் அத்தோடு முடியவில்லை. பெப்ரவரியில் அண்ணாவியாருக்குப் போனில் ஒரு கொப்பியைப் பக்கம் பக்கமாகத் தள்ளிக் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உதட்டுக்குள் பாடியபடி பார்த்துவந்தவர் ஓரிடத்தில் நின்றார். தாளம் தட்டிய விரல் தொடையிலேயே நின்றது. "இல்ல மகள். இந்தத் தருவுக்குப் பிறகு இது வராது. எங்கயோ பக்கம் தாண்டியிருக்கு." தரு என்பது கூத்துப் பாட்டு வகை. பக்கங்களை எண்ணிப் பார்த்தோம். முதலாம் பக்கத்துக்கு அடுத்ததாகப் பத்தாம் பக்கம் நின்றது. கோப்புகளைப் பெயர்வரிசையில் அடுக்கும்போது 1, 10, 11 என்று போய், 19 க்குப் பிறகுதான் 2 வரும். எட்டு ஆண்டுகளாக அந்தக் கொப்பி அப்படித்தான் இணையத்தில் கலைந்து கிடந்திருக்கிறது. பாட்டைத் தெரிந்த ஒருவர் பார்க்கும்வரை யாருக்கும் தெரியவில்லை.

அன்று எடுத்த முடிவு இன்றும் நடப்பில் இருக்கிறது. புதிதாக ஏற்றும் கோப்புகளுக்குச் சிறிய ஆங்கில எழுத்திலும் இலக்கத்திலும் பெயர். இலக்கம் எப்போதும் 001, 002 என்று மூன்று தானத்தில். பெரிய எழுத்து எங்கும் இல்லை. விண்டோஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான், சேர்வரில் அப்படியல்ல. தமிழ்ப் பெயரும் விபரமும் ஒரு பதிவேட்டில் போகும்: எந்தக் கூத்து, வடமோடியா தென்மோடியா, எத்தனையாம் பக்கம், யார் கையெழுத்து, யார் படமெடுத்தது. அதே விபரம் படத்தின் தலைப்பிலும் குறிப்பிலும் தமிழில் இருக்கும், வாசகர் பார்ப்பது அதைத்தான். பழைய தமிழ்ப் பெயர்களைத் தொடவில்லை.

பக்கங்களின் முகவரியிலும் இதே வகைச் சிக்கல் இருந்தது. வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் முகவரிக்கு 200 எழுத்து இடந்தான் ஒதுக்குகிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் முகவரியில் ஒன்பது எழுத்தாக விரியும். ஆக 22 குறிகளுக்கு மேல் போனால் தலைப்பு நடுவில் வெட்டுப்படும். 'கூத்து' என்ற சொல்லே 54 எழுத்தைத் தின்றுவிடும். முகவரியைச் சுருக்கமாக நாமே எழுதிக்கொள்ளப் பழகினோம்.

சனிக்கிழமை வகுப்புகள்

ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமை பின்னேரங்களில் பழகினோம். ஒரு மடிக்கணனி, என் போனிலிருந்து டேட்டா. செயலாளரோடு உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவரும் வந்தார்.

முதல் பாடமாக, தளம் முழுவதையும் ஒரு பென் டிரைவில் எடுக்கச் சொன்னேன். பைல் மனேஜரில் தளத்தின் மூலக் கோப்புறையைச் சுருக்கி இறக்கினார். "முழுத் தளமும் கையில இருக்கு" என்றார். அதற்குள் அண்ணாவியாரின் வாழ்க்கைக் குறிப்பைத் தேடி எடுத்துத் தரும்படி கேட்டேன். அரை மணி நேரம் தேடினார். படம் இருந்தது, தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம் இருந்தது, எழுத்து ஒரு வரியும் இல்லை. பக்கங்களில் எழுதியது தரவுத்தளத்தில் இருக்கிறது. அது அந்தக் கோப்புறைக்கு வெளியே உள்ள வேறு சாமான்.

இதை அவருக்கு விளங்கவைத்தது கூத்துத்தான். கூத்துத் தொடங்கும்போது ஆடுகிறவர்களுக்குச் சட்டம் கொடுப்பார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் பாட்டு மட்டும் எழுதிய தாள். தருமருடைய சட்டத்தைக் கையில் வைத்திருப்பவரிடம் முழுக் கூத்தும் இல்லை. முழுக் கூத்து அண்ணாவியாரின் கொப்பியில் இருக்கிறது. "அப்ப இது சட்டம், கொப்பி அங்க கிடக்கு" என்று தரவுத்தளத்தைக் காட்டினார். அதன்பின் காப்புப் பிரதி எடுக்கும் எந்த நாளிலும் இரண்டில் ஒன்றை அவர் மறந்ததில்லை.

கோப்புறைக்குள் எது நம்முடையது என்பது அடுத்த பாடம். வேர்ட்பிரஸின் கோப்புறைகளில் அட்மின், இன்க்ளூட்ஸ் என்ற இரண்டும் மென்பொருளோடு வருபவை. கெட்டால் புதிதாக இறக்கலாம். கொன்டென்ட் கோப்புறையும், தரவுத்தளத்தின் கடவுச்சொல் இருக்கும் கொன்ஃபிக் கோப்பும் நம்முடையவை, போனால் போனதுதான். படங்கள் கொன்டென்டுக்குள் அப்லோட்ஸ் என்ற இடத்தில் ஆண்டு, மாதம் என்று அடுக்கப்பட்டிருக்கும். அங்கே ஒரே படம் ஐந்தாறு அளவில் இருப்பதைக் கண்ட தம்பி, இரட்டிப்பு என்று நினைத்துச் சிலவற்றை அழித்துவிட்டார். போனுக்கு ஓர் அளவு, கணனிக்கு ஓர் அளவு என்று வேர்ட்பிரஸ் தானே உண்டாக்குபவை அவை. பென் டிரைவிலிருந்து திருப்பிப் போட்டோம். காப்புப் பிரதி உதவிய முதல் நாள் அது.

ஒலிப்பதிவுகளுக்குத் தனிக் கணக்கு வேண்டியிருந்தது. சுருக்காத ஒலி ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 600 மெகாபைட். விடிய விடிய ஆடும் கூத்து எட்டு மணி நேரமென்றால் ஐந்து கிகாபைட்டைத் தொடும். அதையே 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் 460 மெகாபைட் அளவில் நிற்கும். தளத்தில் எம்பி3, சுருக்காத மூலம் இரண்டு வன்தட்டுகளில். மூலத்தை அழிப்பதில்லை என்று குழுக் கூட்டத்தில் தீர்மானமாகவே எழுதினார்கள்.

மறைத்ததாக நினைத்தது

கோயில் சடங்கோடு சேர்ந்த சில பாடல்களை வெளியே விட அண்ணாவியாருக்கு விருப்பமில்லை. படமெடுத்து வைக்கலாம், ஆட்கள் பார்க்கக் கூடாது. செயலாளர் அந்தப் பக்கங்களைத் தளத்தில் ஏற்றி, எந்தப் பக்கத்திலும் இணைக்காமல் விட்டார். இணைக்காவிட்டால் யாருக்கும் தெரியாது என்பது அவருடைய எண்ணம். நானும் அதைக் கேட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. என் கவனம் அப்போது வேறு இடத்தில் இருந்தது.

மார்ச் முடிவில் சுவிஸிலிருந்து ஊரவர் ஒருவர், "நம்மட ஊர்க் காவியம் கூகிள்ல வருது" என்று சந்தோஷமாக ஒரு படத்தை அனுப்பினார். மறைத்ததாக நினைத்த பக்கங்களில் ஒன்று. வேர்ட்பிரஸ் ஏற்றுகிற படம் ஒவ்வொன்றுக்கும் தானே ஒரு தனிப் பக்கம் உண்டாக்கும். தேடுபொறி அதைக் கண்டுபிடித்துவிட்டது. (2023 நவம்பரில் வந்த 6.4 பதிப்பு முதல், புதிதாக நிறுவும் தளங்களில் இந்தப் பக்கங்கள் அடைக்கப்பட்டிருக்கின்றன. பழைய தளங்களில் நாமேதான் அடைக்க வேண்டும்.) அண்ணாவியார் கோபப்படவில்லை. "ஆருக்கும் தெரியாதெண்டு சொன்னியே மகள்" என்று மட்டும் கேட்டார். செயலாளர் அன்று அழுதார்.

அந்தப் பக்கங்களை உடனே தளத்திலிருந்து எடுத்தோம், தேடுபொறியின் முடிவுகளிலிருந்தும் நீக்கக் கோரினோம். சேர்வரில் பொதுக் கோப்புறைக்கு வெளியே, உலாவியால் எட்ட முடியாத இடத்தில் ஒரு கோப்புறை செய்து அங்கே நகர்த்தலாம் என்று நான் சொன்னேன். செயலாளர் அதையும் வேண்டாம் என்றார். இணையத்தோடு தொடுப்பே இல்லாத வன்தட்டில் இரண்டு பிரதி, ஒன்று அண்ணாவியாரின் பெட்டிக்குள். அவருக்கு அது நிம்மதியாக இருந்தது. எனக்கும் இப்போது அதுதான் சரியாகப் படுகிறது.

தோற்றத்தை மாற்றியது

ஏப்ரலில், சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு, தளத்தின் தோற்றத்தில் கைவைத்தார். முதலில் அவர் கண்ணில் பட்டது வரி இடைவெளி. தீம் ஆங்கில எழுத்துக்கு அளந்து செய்தது. தலைப்புகளில் 'கூ', 'ழு' போன்றவற்றின் அடிப்பகுதி அடுத்த வரியில் முட்டி வெட்டுப்பட்டது. எழுத்தின் அளவுக்கு 1.2 மடங்காக இருந்த வரி உயரத்தை 1.7 ஆக்கினார். தீமின் எழுத்துருவில் தமிழே இல்லாததால் ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு முகமாகத் தெரிந்தது; நோட்டோ செரிப் தமிழ் எழுத்துருவைச் சேர்த்தார். தலைப்பின் பின்னணிக்குக் கரப்புடுப்பு என்ற கூத்து உடுப்பின் சிவப்பைப் பிடிக்க, உடுப்புப் பெட்டியைத் திறந்து வெயிலில் வைத்து போனில் படமெடுத்து, அதிலிருந்து நிறத்தின் இலக்கத்தை எடுத்தார். இரண்டு மாத வேலை. பார்த்த எல்லோருக்கும் பிடித்தது.

ஜூனில் ஒருநாள் நிர்வாகப் பக்கத்தில் 'புதுப்பிக்கவும்' என்று வந்த பொத்தானை அழுத்தினார். சிவப்பும் எழுத்துருவும் வரி உயரமும் ஒரே கணத்தில் போய்விட்டன. யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று பயந்து என்னை அழைத்தார். தீமைப் புதுப்பிக்கும்போது அதன் கோப்புறை முழுவதும் புதிதாக எழுதப்படும். அதற்குள் நாம் செய்த திருத்தம் மிஞ்சாது. புதுப்பித்தது பிழையில்லை, பாதுகாப்புக்கு அது வேண்டும். தீமின் கோப்பிலேயே நேரே எழுதவிட்டது என் பிழை. நிறமும் எழுத்துருவும் மாற்றுவதற்கு இத்தனை வேலை எதற்கு என்று நினைத்து, நம் திருத்தங்களைத் தாய்த் தீமுக்கு வெளியே தனியே வைக்கும் சைல்ட் தீமைப் பிறகு சொல்லித்தரலாம் என்று தள்ளிப்போட்டிருந்தேன். நிறமும் எழுத்துருவும் எழுதிய பழைய ஸ்டைல் கோப்பு பென் டிரைவில் இருந்ததால் பெரும்பகுதி மீண்டது. கடைசிப் பத்து நாள் வேலை போனது.

பிறகு சைல்ட் தீம் செய்தோம். இரண்டு கோப்பு போதும். ஸ்டைல் கோப்பின் தலையில் தாய்த் தீம் எது என்று ஒரு வரி எழுத வேண்டும். அதில் தீமின் அழகான பெயரை எழுதினார். அங்கே வேண்டியது கோப்புறையின் பெயர். தாய்த் தீமைக் காணவில்லை என்று வேர்ட்பிரஸ் சொன்னது. செய்தியை வாசித்து, கோப்புறையின் பெயரோடு ஒத்துப் பார்த்து, என்னைக் கேட்காமலே திருத்தினார்.

அரங்கேற்றத்துக்கு முதல் நாள்

2023 ஜூலை முடிவில் அரங்கேற்றம். அதற்கு முன்னைய இரவு தளத்தில் நிகழ்ச்சி விபரம் போட்டு, இணைப்பை வெளிநாட்டு உறவினர் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்கள். கீழ்ப்பகுதியில் ஒரு வரி சேர்ப்பதற்காக, தாய்த் தீமின் செயல்கூறுகள் (நிரல் துண்டுகள்) இருக்கும் ஃபங்ஷன்ஸ் கோப்பை முழுவதும் பிரதியெடுத்துச் சைல்ட் தீமில் போட்டார் செயலாளர். ஸ்டைல் கோப்பை அப்படித்தானே கையாண்டோம் என்பது அவர் கணக்கு. ஃபங்ஷன்ஸ் கோப்பு அப்படியல்ல. சைல்ட் தீமில் இருப்பது முதலில் ஓடும், பின்னர் தாயில் இருப்பதும் ஓடும். ஒரே பெயரில் ஒரே செயல்கூறு இரண்டு முறை வந்தால் பிஎச்பி அந்த இடத்திலேயே நின்றுவிடும். தளம் முழுவதும் போய், பாரிய வழு என்ற ஒற்றை வரி மட்டும் நின்றது. நிர்வாகப் பக்கமும் திறக்கவில்லை.

நான் கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்துகொண்டிருந்தேன். பொலன்னறுவைக்கும் வாழைச்சேனைக்கும் இடையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைத்தது. இப்படியான நேரத்தில் உள்ளே போவதற்கு ஒரு தனி இணைப்பை நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு வேர்ட்பிரஸ் அனுப்பும். 2019 இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது. மின்னஞ்சல் போயிருந்தது, கனடாவுக்கு. ஏழு மாதமாகத் தளத்தை நடத்திவந்தவர் செயலாளர், தளத்தின் பதிவில் நிர்வாகி இன்னும் மருமகன். அவர் வேலையில் இருந்தார், பார்க்கவில்லை.

செயலாளர் செய்ததை மறுநாள் அவர் வாயால் கேட்டேன். கூத்தாடும் களரி போடும் இடத்தில் வெளிச்சத்துக்குக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஓரமாக ஒரு வாங்கில் இருந்து, போனில் ஹோஸ்டிங் கணக்கைத் திறந்தார். பைல் மனேஜர் போன் திரைக்கு ஏற்றதல்ல. விரலால் பெருப்பித்துப் பெருப்பித்து கொன்டென்டுக்குள் போய், தீம்ஸுக்குள் போய், சைல்ட் தீமின் கோப்புறையைக் கண்டுபிடித்தார். அந்தக் கோப்பை அழிக்கவில்லை. பெயரின் முடிவில் 'பழையது' என்ற பொருளில் ஒரு சொல்லைச் சேர்த்துப் பெயரை மாற்றினார். வேர்ட்பிரஸுக்கு அந்தப் பெயரில் கோப்பு இல்லை; தளம் திரும்பி வந்தது. "பேர் மாறினா அதுக்கு ஆளைத் தெரியாதுதானே, ஜனவரியில பாத்தமே" என்றார். ஒரு கோப்பின் பெயரில் ஒரு குறி பிரிந்ததால் நாங்கள் இரண்டு இரவு தவித்ததையே அவர் கருவியாக்கியிருந்தார். அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பின்னர் நடந்தவை

அரங்கேற்றம் முடிந்த கிழமையில் நிர்வாகி மின்னஞ்சல், டொமைன் (தளத்தின் முகவரி) பதிவு, ஹோஸ்டிங் கணக்கு மூன்றையும் குழுவின் பெயருக்கு மாற்றினோம். கடவுச்சொற்கள் ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு அண்ணாவியாரின் பெட்டியில் இருக்கின்றன. காப்புப் பிரதி மாதத்தின் முதல் சனிக்கிழமை. கோப்புறையும் தரவுத்தளமும் சேர்த்து. ஒரு பென் டிரைவ் செயலாளர் வீட்டில், ஒன்று வாவிக்கு அக்கரையில் நகரத்தில் என்னிடம், ஒரு பிரதி கனடாவில். வெள்ளம் வந்தால் மூன்றும் ஒன்றாக நனையாது.

தளத்துக்குள் தனி உபகோப்புறையில் ஒரு சோதனைப் பிரதி வைத்திருக்கிறார்கள். எந்த மாற்றமும் முதலில் அங்கேதான். தம்பி இப்போது ஒலிப்பதிவுப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறார். ஆறு மாதமாக என்னை யாரும் அவசரமாக அழைத்ததில்லை.

மீளாதவையும் உண்டு. இரண்டு ஒலிப்பதிவுகள் கனடாவிலிருந்து வந்தபோதே திறக்கவில்லை. மூல ஒலிநாடா எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஒன்றில் அண்ணாவியாரின் தமையனார் பாடியிருக்கிறார். அவர் காலமாகிவிட்டார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இன்னொரு குழு இதேபோல வந்தால், தளத்தைத் திறப்பதற்கு முன்னரே நிர்வாகி மின்னஞ்சலும் டொமைன் பதிவும் யார் பெயரில் என்று கேட்பேன். ஜூலையில் அரை மணி நேரத்தில் முடிந்த வேலை அது. ஜனவரியிலேயே செய்திருந்தால் அந்த இரவு அப்படிப் போயிருக்காது.

மெக்கிலிருந்து வரும் ஸிப்பை அப்படியே ஏற்றமாட்டேன். பழைய சேர்வரிலேயே சுருக்கி, சுருக்கிய ஒரே கோப்பாக நேரே புதிய சேர்வருக்குக் கொண்டுவந்தால் உள்ளே இருக்கும் பெயர்கள் பிரிய வழியில்லை. நான் ஒரு நிரல் எழுதினால் அதன் பிரதியும், வரிக்கு வரி தமிழில் விளக்கமும் குழுவின் கோப்புறையில் இருக்கும். நிறம் மாற்றுவதற்கு முன்னரே சைல்ட் தீம். ஏற்றுவதற்கு முன்னரே, எது வெளியே போகலாம், எது போகக் கூடாது என்று கொப்பியின் சொந்தக்காரரிடம் கேட்டு எழுதிவைப்பது. அவர் விரும்பாததை எந்த இடத்திலும் ஏற்றுவதில்லை.

பதிவேட்டைக் கடைசியில் தொடங்கியதுதான் எனக்கு அதிகம் வருத்தம். இப்போது அதில் 460 வரிகள் இருக்கின்றன. 'யார் கையெழுத்து' என்ற பத்தியில் ஆறு பக்கங்களுக்கு மட்டும் வெற்றிடம். செயலாளர் அவற்றை அச்செடுத்து, சனிக்கிழமைகளில் ஊரின் வயதானவர்களிடம் கொண்டுபோய்க் காட்டிவருகிறார்.